வாசலில் ஒரு சாய்தளம்

மொட்டை மாடியிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு உடைந்த பிறகு என் கால்கள் அசையவில்லை. ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் ஃப்ளாட்டுக்கு வாரம் ஒருமுறை மறுவாழ்வுப் பணியாளர் ஒருவர் வருவார். அவரும் சக்கர நாற்காலியில் இருப்பவர்தான். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நானே மாறிக்கொள்ளப் பழக்கினார். ஆனால் கட்டட வாசலில் இரண்டு படிகள் இருந்தன; அவரையே இரண்டு பேர் தூக்கித்தான் உள்ளே விடுவார்கள். சாய்தளம் கட்டக் கேட்டேன்.

"வாசல் அழகு கெட்டுடும். வெளியே போய் என்ன பண்ணப் போறீங்க மேடம்?" என்றார் குடியிருப்போர் சங்கச் செயலாளர்.

"கேட்டுக்கினே இருந்தா ஒண்ணும் நடக்காதுக்கா" என்று பணியாளர் மறுவாரமே கொத்தனாரை அழைத்து வந்துவிட்டார்.

பூச்சு முடிந்ததும் செயலாளர் ஓடிவந்தார். "உடனே இடிங்க!"

நான் நாற்காலியைச் சாய்தளத்தின் முன்னால் நிறுத்தி பிரேக் போட்டேன். "என்னைத் தாண்டித்தான் இடிக்கணும்."

உட்கார்ந்தே இருந்து புண் வராமலிருக்க, கையூன்றி அவ்வப்போது உடம்பைத் தூக்கிக்கொண்டு மாலைவரை அங்கேயே இருந்தேன். எதிர் ஃப்ளாட் அம்மாவும் நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். செயலாளர் போய்விட்டார்.

மூன்றாம் நாள் காய்கறிக் கடைக்குத் தனியாகப் போய்வந்தேன். யாரிடமும் கேட்கவில்லை.