வேட்டிக்கரை கட்டிய இரண்டு தார்கள்

கும்பகோணத்தில் போன வாரம் ஒரு ஏ.சி. கடைக்குள் நுழைந்தேன். பூவன்பழச் சீப்பு ஒன்று, நெற்றிப்பொட்டு மாதிரி 'இயற்கை உரம்' என்ற ஸ்டிக்கரோடு உட்கார்ந்திருந்தது. சிரித்துவிட்டேன். கடைப்பெண், "என்ன சார், பழம் வேணுமா?" என்றாள். கதை வேணுமா என்று அவளிடம் எப்படிக் கேட்பது? நீங்கள் கேளுங்கள்.

யோசனை உதித்தது தாராசுரம் சந்தையில். பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, உலகத்தைத் திருத்தியே தீருவது என்று திரிந்த காலம். எங்கள் வாழைத்தாரை வியாபாரி சுண்டிப் பார்த்து, "யூரியாக் காய். நாலு நாளு தாங்காதுங்க" என்று ஒதுக்கினார். ஆட்டுக்கிடை போட்ட கொல்லையில் விளைந்த தாரைத் தூக்கிக்கொண்டார். பஸ் ஏறுமுன்பே முடிவெடுத்துவிட்டேன்: இனி நம் வாழைக்கு எருவும் வேப்பம்புண்ணாக்கும்தான்.

அப்பா குதித்தார். "கொடி புடிச்சு, கோர்ட்டுக்கு நடந்து பதிஞ்ச குத்தகை நெலம்டா. ஒன் சாணி ஆராய்ச்சிக்கா?" பிறகு இறங்கி வந்தார். ஒரு வரிசைக்கு மட்டும் எரு, மற்றதற்கு யூரியா. இரண்டிலும் ஒரு தார் வெட்டித் தொங்கவிடுவது. "ஒன்னுது அழுவாம ரெண்டு நாள் கூட நின்னா கொல்லை ஒன் கையில. இல்லேன்னா நன்னிலத்துக் குமாஸ்தா வேலைக்குக் கெளம்பு."

அடுத்த வருஷம், ஊரே சாட்சியாக இருக்கட்டும் என்று தார்களைக் கோவிந்தன் டீக்கடையில் தொங்கவிட்டேன். அடையாளத்துக்குப் பழைய வேட்டிக் கரைகளைக் கிழித்துக் கட்டினேன். எருத் தாருக்கு அப்பாவுடைய கறுப்பு சிவப்பு. யூரியாத் தாருக்குச் சித்தப்பாவுடையது; அதுவும் கறுப்பு சிவப்புதான், நடுவில் ஒரு வெள்ளைக்கோடு. அந்தக் கோட்டுக்காக அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் மூன்று வருஷமாகப் பேச்சில்லாமல் இருந்தார்கள். விஞ்ஞானம் படித்த மண்டைக்கு இது உறைக்கவில்லை.

மறுநாளே கடையில் கூட்டம்.

"எங்க தாரு எப்புடி நிமிந்து நிக்குது பாரு!"

"பொறுடா, ஒங்க ஆட்சி மாதிரி கவுந்துடும்."

உரத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

நாலாம் நாள் போய்ப் பார்த்தேன். இரண்டிலும் ஒரு பழம்கூட அழுகவில்லை. ஆனால் இரண்டு தாரும் பாதியாக இளைத்திருந்தன. கோவிந்தன் காதோடு சொன்னார்: "பழம் லேசா கறுத்தாலே அந்தந்தக் கட்சிக்காரங்க பிச்சுத் தின்னுடறாங்க தம்பி. அழுவுனா மானம் போயிடுமாம்."

எட்டாம் நாள் காலையில் இரண்டு மொட்டைத் தண்டுகள், கரை மட்டும் அவிழாமல். அப்பா சுற்றிவந்து பார்த்தார். "ரெண்டும் சமமாத்தான் நிக்குது. பொட்டியக் கட்டு."

அப்போதுதான் பின்னாலிருந்து சித்தப்பா தொண்டையைச் செருமினார். "அண்ணே... ஒங்க தாரக் கொறைக்கணும்னுதான் தின்னேன். ஆனா இனிப்புன்னா இனிப்புண்ணே, அப்புடி!"

"திருட்டுப் பயலே, எத்தனடா தின்ன?" என்றார் அப்பா. மூன்று வருஷத்துக்குப் பிறகு அவர் தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை.

"அப்ப நான் ஜெயிச்சேன்ல?" என்றேன்.

"பந்தயம் நாளுக்குடா, ருசிக்கு இல்ல."

நன்னிலம் போனேன். முப்பது வருஷம் கோப்பு கட்டினேன்.

இப்போது கொல்லை மனைக்கட்டாகிவிட்டது. கிடை ஆடுகள் வருவதில்லை. டீக்கடை செல்போன் கடையானது. வேட்டிக்கரைக்காகப் பேசாமல் இருந்து, வாழைப்பழத்துக்காகப் பேசிக்கொள்கிற அண்ணன் தம்பியும் இல்லை.

ஆனால் என் வீட்டுப் பின்புறம் பன்னிரண்டு பூவன் கன்று வைத்திருக்கிறேன். ஆறுக்கு எரு, ஆறுக்கு யூரியா. இந்த முறை வெறும் கயிறுதான் கட்டுவேன். தார்களை உள்ளறையில் தொங்கவிட்டுப் பூட்டிவிடுவேன். சாவி என்னிடம் இருக்கக் கூடாது. நானும் அந்தக் குடும்பம்தானே. எந்தக் கட்சியிலும் இல்லாத, வாழைப்பழம் பிடிக்காத ஓர் ஆளை ஊரில் தேடிக்கொண்டிருக்கிறேன்.