மெனேஜரின் அலுமாரி

இரும்புக் கம்பி எலும்பில் பட்ட சத்தத்தை நான் கேட்டேன். இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் அதெல்லாம் கேட்டிருக்காது என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்குக் கேட்டது.

பல்லேகலயில் ரப்பர் பாய் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அப்போது எனக்குக் கணினி வேலை. கடுகண்ணாவையிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறிப் போவேன். பதிவேடுகளில் கிடந்த விபரங்களையெல்லாம் ஓர் இணையத்தளத்தில் கொண்டுவருவதுதான் என் பொறுப்பு. ஓடர், கையிருப்பு, இயந்திரப் பழுது, தொழிலாளர் முறைப்பாடு எல்லாம் அதில் உண்டு. ஆனால் எல்லோருக்கும் எல்லாம் தெரியாது. உள்ளே வருபவருக்கு என்ன பதவியோ, அந்தப் பதவிக்குரிய பக்கங்கள் மட்டும் திறக்கும். சுப்பவைசருக்குத் தன் பிரிவின் உற்பத்தி தெரியும். முறைப்பாடு செய்தவரின் பெயரை மெனேஜர் மட்டும்தான் பார்க்கலாம்.

அதற்கு முன்பு முறைப்பாட்டுக் கடிதங்கள் மெனேஜரின் அறையில் ஓர் இரும்பு அலுமாரிக்குள் கிடந்தன. சாவி எப்போதும் அவருடைய சட்டைப்பையில். கதவை இழுத்தால் கட்டிடமே அலறும். வந்த முதல் வாரமே, "இதைப் பழைய இரும்புக்குப் போடுங்க சேர்" என்று கேலி செய்தேன். அவர் வயதான முஸ்லிம் மனிதர், கோபப்பட மாட்டார். "அது அங்கேயே கிடக்கட்டும் மகள்" என்று சிரித்தார்.

லீவில் போகிறவரின் இடத்தை இன்னொருவர் பார்ப்பதற்கு எங்கள் அலுவலகங்களில் பதில் கடமை என்று பெயர். அதற்கொரு கடிதம் வரும். கடிதம் வந்தால் அந்த நாற்காலி, முத்திரை, கையெழுத்து எல்லாம் வந்தவருடையது. "நான் இல்லாத நாளைக்கி வேல நிக்கப்படாது மகள்" என்று மெனேஜர் சொல்லியிருந்தார். அதனால் தளத்தில் ஒரு பக்கம் செய்தேன். கடிதத்தின் விபரத்தை கிளார்க் பதிந்தால் போதும், லீவில் போனவரின் உரிமை முழுவதும் பதில் கடமைக்காரருக்குப் போய்விடும். அந்தப் பக்கத்தைப் பற்றி எனக்கு ஏகப்பட்ட பெருமை. பஸ்ஸில்கூட அதைத்தான் நினைத்துச் சிரித்துக்கொண்டு போவேன்.

தேயிலைத் தோட்டத்துப் பக்கமிருந்து வேலைக்கு வந்த ஓர் அக்கா பாய் வார்க்கும் அச்சு இயந்திரத்தில் நின்றாள். அவளுடைய பிரிவின் சுப்பவைசர், கை மந்தமானால் ரப்பர் பட்டியால் முதுகில் வீசுகிறவன். ஒருநாள் தேநீர் நேரத்தில் என்னிடம் வந்தாள். அவள் சொல்லச் சொல்ல நானே முறைப்பாட்டைத் தட்டினேன்.

"தங்கச்சி, இது அவன் கண்ணுல பட்டுச்சுன்னா என்னைக் கொன்னுருவான்."

"படாதுக்கா. நான் செஞ்ச சாமான், எனக்குத் தெரியாதா?"

மெனேஜர் அதை வாசித்தார். உம்ராவுக்குப் போக அவருக்கு இரண்டு நாள்தான் இருந்தது. வந்து விசாரிப்பதாகச் சொன்னார். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு மக்காவுக்குப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலை தலைமை அலுவலகத்திலிருந்து பதில் கடமைக் கடிதம் வந்தது. சீனியர் சுப்பவைசர் அவன்தான், அதனால் கடிதம் அவன் பெயருக்கு. கிளார்க் பதியும்போது நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்தப் பெயரையும் பார்த்தேன். எனக்கு உறைக்கவில்லை. என் பக்கம் பிழையில்லாமல் வேலை செய்கிறதா என்பதுதான் என் கவலை. வேலை செய்தது.

பத்து மணிக்கு அவன் கையில் ஒரு தாளோடு மெனேஜரின் அறையிலிருந்து வெளியே வந்தான். இயந்திர வரிசையின் நடுவில் நின்று, அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல் சத்தமாக வாசித்தான். பிறகு தாளைக் கசக்கி அவள் வாயில் திணித்தான். தலைமயிரைப் பிடித்து முகத்தை இயந்திர மேசையில் மோதினான். அச்சிலிருந்து பாயை நெம்பி எடுக்கும் கம்பி பக்கத்தில் கிடந்தது. அதை ஓங்கினான். அவள் வலது கையை உயர்த்தினாள். அப்போதுதான் அந்தச் சத்தம்.

தாளில் துளை போடும் பஞ்ச் மெஷின் என் கையில் இருந்தது. ஓடியது நினைவில்லை. அதால் அவன் வாயில் குத்தினேன். பல்லொன்று தெறித்து விழுந்தது. மனம் ஆறவில்லை, இன்னொரு முறை குத்தினேன். மூன்றாவதுக்கு ஓங்கியபோது நாலு பேர் பிடித்து இழுத்தார்கள். அதற்காக இன்றுவரை எனக்கு வருத்தமில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன வேனில் அவள் என் மடியில் சாய்ந்திருந்தாள். முழங்கைக்குக் கீழே கை வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது. தென்னகும்புர பாலத்தில் வாகன நெரிசல். வாயில் ரத்தத்தோடு ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டாள். "அவனுக்கு எப்புடித் தெரிஞ்சுச்சு?"

பதில் எனக்குத் தெரியும். சாரதியைத்தான் திட்டிக்கொண்டு வந்தேன்.

அவனைப் பொலிஸ் பிடித்தது, பிறகு பிணையில் விட்டது. அவள் கைக்குள் தகடு வைத்தார்கள். ஆறாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் அவளிடம் உண்மையைச் சொன்னேன். "அக்கா, அவனுக்கு அதக் காட்டுனது நான் செஞ்ச பக்கம்தான். அன்னைக்கு நான் பக்கத்துலயேதான் நின்னேன்."

இடது கையால் என் கன்னத்தில் அறைந்தாள். பக்கத்துக் கட்டில்காரி எழுந்து உட்கார்ந்தாள். நான் நகரவில்லை. இன்னும் ஒன்று அறைந்தாள். அப்புறம் தாளும் பேனையும் கேட்டாள்.

இடது கையால் எழுத வெகுநேரம் எடுத்தது. எழுத்துகள் சரிந்து சரிந்து விழுந்தன. மடித்து என் கையில் வைத்தாள்.

"இத மெனேஜர் கையில குடு. ஒன் மெஷின்ல ஏத்தாத. வாசிச்சுப் பாரு, ஒன் பேரும் இருக்கு."

பஸ்ஸில் வாசித்தேன். முதலில் அவன் பெயர். இரண்டாவது என் பெயர், யாருக்கும் தெரியாது என்று சொல்லி ஏமாற்றினவள் என்று. மறுக்க அதில் ஒரு சொல்லும் இல்லை.

மெனேஜர் வந்த அன்று தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசித்துவிட்டு இரண்டாவது பெயரில் விரலை வைத்தார்.

"மகள், விசாரணைக்கிக் கொழும்பிலிருந்து ஆக்கள் வாராங்க. இதில உங்கட பேரும் இரிக்கி. அந்த வரிய மட்டும் வெட்டிடவா?"

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. "வெட்டுனீங்கன்னா இன்னொரு பல்லு உடையும் சேர்" என்றேன். மெனேஜரிடம் அப்படிப் பேசியது அன்று ஒருநாள்தான். அவர் எழுந்து அலுமாரியைத் திறந்தார். அது எப்போதும் போல அலறியது. தாளை உள்ளே வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டார். சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று கைப்பிடியை நான் இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன்.