எனக்கு ஒன்றும் இல்லை

என் மனைவிக்கு மூச்சு முட்டத் தொடங்கியது எண்பதுகளின் நடுவில். அப்போது நான் தருமபுரியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர். குடம் தண்ணீர் தூக்கினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். மல்லாந்து படுக்க முடியாது. சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். உள்ளூர் டாக்டர் அவசரமாகக் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, நுரையீரலில் கோளாறு இல்லை, பயம்தான் என்றார். எனக்கு அது வசதியாகப் போயிற்று. நோய் இல்லையென்றால் குற்றம் அவளுடையது.

"எந்திரி, நடிக்காத. ஊர்ல யாருக்கும் இல்லாத நோவா உனக்கு வந்துடுச்சு?" என்பேன். தினமும் சொன்னேன். அடித்ததில்லை. அதை ஒரு பெருமையாகவே நினைத்திருந்தேன்.

அடுத்த வீட்டுத் தையல்காரரின் மனைவிதான் அவளை யோகா வகுப்புக்கு அழைத்துப்போனாள். கல்யாண மண்டபம் ஒன்றின் பின்கட்டில் காலையில் பெண்களுக்கு மட்டும் நடக்கும் வகுப்பு. முதுகு வலி, ஆஸ்துமா, தூக்கமின்மை என்று வருவார்கள். சொல்லிக்கொடுத்த அம்மாள் பெங்களூரில் இந்தச் சிகிச்சையைக் கற்றவர். மூச்சுத் திணறல் உள்ளவர்களைப் படுக்க வைக்கமாட்டார், நாற்காலியில் உட்கார வைப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிவரப் போய் ஜன்னலோரம் நின்றேன். "வலிக்கிற எடத்துல கைய வைங்க. உங்களுக்கு நீங்க தினமும் மனசுக்குள்ள என்ன சொல்லிக்கிறீங்களோ, அத அப்படியே வாய்விட்டுச் சொல்லுங்க" என்றார் அந்த அம்மாள்.

என் மனைவி நெஞ்சில் கை வைத்தாள். கண் மூடியிருந்தது. "எந்திரி, நடிக்காத. ஊர்ல யாருக்கும் இல்லாத நோவா உனக்கு?"

அந்த ஏற்ற இறக்கம்கூட என்னுடையது. தையல்காரர் மனைவி சிரித்துவிட்டாள். "என்னக்கா, உங்க மாமியா உள்ள பூந்துட்டாங்களா?"

"மாமியா எங்க இருக்காங்க, போய்ச் சேந்துட்டாங்க. இது எங்க வீட்டுக்காரரு பேசறது."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

வகுப்பு முடிந்ததும் அந்த அம்மாள் என்னை உள்ளே கூப்பிட்டார். "சார், திட்டற கொரலு உள்ள இருந்தா மூச்சு எறங்காது. 'கஷ்டமா இருக்கு, தெரியுது. நான் கூட இருக்கேன்'னு அவங்களே அவங்களுக்குச் சொல்லிப் பழகணும். நீங்க ஒரு தடவ சொல்லிக் காட்டுங்க, சுலபமா வரும்."

பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "விடைத்தாள் திருத்தணும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன். வீட்டுக்கு வரும் வழியில் அவள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள்.

ஆனாலும் அந்தப் பாடத்தை நான் விடவில்லை. ஆசிரியன் அல்லவா, திருத்தினேன். கஷ்டமாக இருக்கிறது என்று தினம் சொன்னால் கஷ்டம் வளராதா? அது புலம்பல். அதற்குப் பதில் ஒரு நல்ல வாக்கியம் அமைத்துக் கொடுத்தேன்: "எனக்கு ஒன்றும் இல்லை. நான் நலமாக இருக்கிறேன்." காலையில் நான் சவரம் செய்யும்போது அவள் பக்கத்தில் நின்று ஒப்பிக்க வேண்டும். "ஒண்ணுமில்ல" என்று பேச்சுவழக்கில் சொன்னால் திரும்பச் சொல்லவைப்பேன். நன்றாக மனப்பாடம் செய்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே பிழையில்லாமல் சொன்னாள். வகுப்புக்கு இனிப் போக வேண்டாம், வீட்டிலேயே நடக்கிறதே என்று நிறுத்தினேன்.

ஒருநாள் அவள் கால்விரலில் மெட்டி இல்லை. அஞ்சறைப் பெட்டியில் கடுகோடு கிடந்தது.

"நான் உயிரோட இருக்கறப்பவே கழட்டிட்டியா?"

"இறுக்குதுங்க."

"இத்தன வருசமா இறுக்காதது இப்ப இறுக்குதா? போடு."

தேங்காய் எண்ணெய் தடவி, உட்கார்ந்து, மெதுவாகத் திருகித் திருகி ஏற்றிக்கொண்டாள். வலிக்கிறதா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் எனக்குத் தெரியும். நான் கற்றுக்கொடுத்த பதில்தான். விரல் ஏன் பருத்தது என்று என் படித்த மூளைக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை.

கடைசியில் தையல்காரர் மனைவி சண்டை போட்ட பிறகே சேலத்துக்குப் புறப்பட்டோம். "வாத்தியாரே, அக்கா கால பாத்தீங்களா? செத்த பொறவு பாக்கலாம்னு இருக்கீங்களா?" தொப்பூர் கணவாயில் லாரி ஒன்று கவிழ்ந்து பாதை அடைத்துக் கிடந்தது. நின்ற பஸ்ஸில் அவள் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி குனிந்து மூச்சுக்குப் போராடினாள். உதடு நீலம் பாரித்தது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "என்னம்மா பண்ணுது?" என்றார். அவள் நிமிர்ந்து, ஒவ்வொரு சொல்லாக, "எனக்கு… ஒன்றும்… இல்லை" என்றாள். கண்டக்டர் என்னைப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கணுக்காலை விரலால் அழுத்தினார். குழி விழுந்தது, எழவில்லை. இதய வால்வு சுருங்கியிருக்கிறது, பல வருடமாக இருக்கும் என்றார். "கால் வீக்கம், படுக்க முடியாதது எதையும் இந்தம்மா சொல்லலையா சார்?"

சொல்லவில்லை என்றேன்.

மெட்டி கழலவில்லை. நர்ஸ் சின்னக் கத்தரியால் அதை வெட்டி எடுத்தாள். விரலைச் சுற்றிச் சிவப்பாகத் தடம் பதிந்து, தோல் கிழிந்திருந்தது. என் மனைவி சிரமப்பட்டுக் காலை மடக்கி அந்த விரலைத் தடவினாள். பிறகு அதனிடம் பேசினாள், பால்குடிக் குழந்தையிடம் பேசுவதுபோல. "வலிச்சுதா? தெரியுது, தெரியுது. நான் இருக்கேன்."

நான் கட்டிலோரம் நின்றிருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அந்த வாரம் முடியுமுன் போய்விட்டாள்.

இப்போது எனக்கும் இரவில் மூச்சு முட்டுகிறது. நெஞ்சில் கை வைத்து அந்த அம்மாள் சொன்னதைச் சொல்லிப் பார்க்கிறேன். "கஷ்டமா இருக்கு, தெரியுது" வரை வருகிறது. மிச்சத்தைச் சொல்ல வாயெடுத்தால், அன்று மெட்டியை ஏற்ற நான் எண்ணெய்க் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளி வைத்தது நினைவுக்கு வருகிறது. கையை எடுத்துவிடுகிறேன்.