தட்டில் அதிர்ந்த போன்கள்

மதுரையிலிருந்து ஓசூர் கம்பெனிக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்க வந்த புதிதில், என் ஸ்லைடுகளை யாராவது பார்த்தால் போதும் என்றிருந்தது. படம் சேர்த்தேன், ஜோக் சொன்னேன், அரைகுறைக் கன்னடம்கூடப் பேசிப் பார்த்தேன். ஒன்றும் எடுபடவில்லை. எல்லோர் கண்ணும் மடியிலிருக்கும் போனில். கடுப்பாகி, உள்ளே வரும்போதே போனை வாங்கி ஒரு பெரிய பிளாஸ்டிக் தட்டில் போடவைத்தேன்.

அன்று காலை வந்தவர்கள் எல்லோரும் தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் வருகிற பெண்கள். பிரஸ் மெஷினில் கை மாட்டாமல் இருப்பது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். திடீரென்று தட்டிலிருந்த போன்கள் ஒன்றுவிடாமல் அதிர ஆரம்பித்தன. தட்டே மேசையில் நகர்ந்தது. எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்ப, எனக்குச் சுர்ரென்று ஏறியது. திரையைப் பாருங்கள் என்று அதட்டிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போனேன்.

நடு வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"மேடம், எல்லார் போனும் ஒண்ணா அடிச்சா அது ஆனை குரூப்பு. எங்க வூட்டுக்காரரு ராத்திரி ராகிக் காவலுக்குப் போயி கொல்லையிலயே தூங்கறாரு."

யானை வரும் திசையைச் சொல்ல ஊர்க்காரர்கள் வாட்ஸ்அப் குழு வைத்திருப்பது எனக்குத் தெரியாது. தட்டை அப்படியே தூக்கி அவளிடம் நீட்டினேன். செய்தியைப் படித்தாள். அவர்களுடைய ராகிக் கொல்லைப் பக்கம்தான். ஸ்பீக்கரில் போட்டு அழைத்தாள். மணி அடித்து அடித்து நின்றுபோனது. மறுபடியும் அழைத்தாள். ஹாலில் ஒருவரும் அசையவில்லை. இப்படியொரு கவனத்துக்குத்தான் நான் அத்தனை நாளும் ஏங்கியிருந்தேன்.

"தூங்க உட மாட்டியா?" என்றது ஒரு ஆண் குரல்.

"ஏங்க, ஆனை வந்திருக்கு. அக்கா வூட்டுப் பக்கமா ஓடுங்க. கட் பண்ணாதீங்க."

ஓடும் சத்தம் கேட்டது. பிறகு வெறும் மூச்சிரைப்பு. கடைசியில் ஒரு கதவு சாத்தப்பட்டது. மாடியில் நிற்பதாகவும், படுத்திருந்த இடத்தில் இப்போது யானைகள் நிற்பதாகவும் சொன்னார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேசைக்கு வந்து, போனைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். நான் போட்ட சட்டத்தை நான் இன்னும் எடுக்கவில்லையே.

"சொல்லுங்க மேடம்," என்றாள்.

நான் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாகப் போய்ப் போன்களைத் திருப்பிக் கொடுத்தேன்.