ரிசீவர் மேல் போட்ட பழி

பல்செட் செய்து பிழைத்தவர் அவர். பகலெல்லாம் அடுத்தவர் வாய்க்கு மெழுகிலும் பிளாஸ்டரிலும் அச்செடுத்துவிட்டு, சாயங்காலம் மாதிரி விமானம் செய்ய உட்கார்ந்துவிடுவார். எண்பது, தொண்ணூறு வருடத்துக்கு முன் பந்தயங்களில் பறந்த ஒற்றை ஆள் விமானங்கள் என்றால் அவருக்குப் பைத்தியம். அதில் ஒன்றைப் பழைய போட்டோக்களைப் பார்த்து, ரத்தச் சிவப்பில், ரிமோட்டில் பறக்கிற மாதிரி பெரிதாகவே செய்தார். இறக்கை மட்டும் ஒன்பதடி. அது கூடத்தில் வந்து உட்கார்ந்ததும் சோபா வெளியே போனது. நல்லவேளை, என்னை வெளியே போடவில்லை என்பாள் மனைவி.

செய்யத் தெரிந்தவருக்கு ஓட்ட வராது. ஓட்டுவது தங்கை புருஷன், அச்சாபீஸில் மெஷின் பார்ப்பவர். ரிமோட் அவர் கைக்குப் போனால் விமானம் சொன்ன பேச்சைக் கேட்கும்.

சிவப்பு விமானத்துக்கு நாலு வருடம் பிடித்தது. மைதானத்தில் முதல் சுற்று அருமையாகப் போனது. அடுத்த சுற்றில், சுற்றிவர நட்டிருந்த பந்தயக் கம்பத்தை ஒட்டித் திரும்பும்போது இறக்கை செங்குத்தாகச் சாய்ந்தது. பிறகு நிமிரவே இல்லை. தரையில் மோதிய சத்தம் அடங்கிய பிறகுதான் மாப்பிள்ளை வாயைத் திறந்தார். சிக்னல் போய்விட்டதாம்.

ஒடிந்ததைச் சாக்கில் அள்ளி வந்தார்கள். மறுநாள் பல்செட்காரர், விமானத்துக்குள் சிக்னலை வாங்குகிற ரிசீவருக்குப் பேட்டரி கொடுத்துப் பார்த்தார். துளி பிசகாமல் வேலை செய்தது. குழம்பிப்போய் உட்கார்ந்திருந்தவரிடம் தங்கை வந்து அழுதாள். அவள் புருஷனுக்குச் சில மாதமாகவே கை நடுக்கமாம். சட்டைப் பொத்தானைக்கூட இவள்தான் போட்டுவிடுகிறாளாம். அண்ணனிடம் மூச்சுவிடக் கூடாதென்று சொல்லிவைத்திருந்தாராம்.

அண்ணனுக்குக் கோபம். தெரிந்தே ரிமோட்டை வாங்கினானே! நாலு வார்த்தை கேட்டுவிடுவதென்று கிளம்பிப் போனார். மாப்பிள்ளை ஜன்னலோரம், இரண்டு கைகளையும் தொடைக்கடியில் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“ரிசீவரைப் பாத்தீங்களா, மச்சான்?”

வந்தவர் கேட்க வந்ததை விட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

“பாத்தேன் மாப்ளே. அதுதான் போயிருக்கு. நான்தான் மட்டமானதைப் போட்டுட்டேன்.”

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். நம்பியதாகத் தெரியவில்லை.

“இன்னொண்ணு செய்யுங்க,” என்றார். “வேற யாராச்சும் ஓட்டட்டும்.”

பார்க்கலாம் என்று எழுந்து வந்துவிட்டார். ஆனால் இன்னொரு விமானம் செய்யவில்லை. மைதானத்து ஆட்கள் அவர் கைவேலையைக் குறை சொன்னார்கள், அதைத் தன்மேலேயே வாங்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை வீட்டுக்குப் போய் மாப்பிள்ளைக்குச் சவரம் செய்துவிடுவார்.