எதிர்வீட்டுக்காரர் அமுக்கிய பொத்தான்

தை எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது ஐம்பது. பனி விலகியிருந்தது, கழிமுகத்திலிருந்து லேசான காற்று. எண்ணூரில் மூடிக்கிடந்த அனல்மின் நிலையத்தின் கடைசி சிம்னியை வெடி வைத்துச் சாய்க்கப் பத்து நிமிடம் இருந்தது. எங்கள் தெருவின் நாற்பத்தோரு வீடுகளையும் காலி செய்யச் சொல்லி, மைதானத்தில் பந்தல் போட்டு உட்கார வைத்திருந்தார்கள்.

முன்னால் ஒரு மேசை. அதன்மேல் சிவப்புப் பொத்தான் வைத்த பெட்டி. அதை அமுக்க ஒப்பந்தக்காரர் கூப்பிட்டது என் எதிர்வீட்டுக்காரரை.

அந்த நிலையத்தில் எனக்கு முப்பத்து மூன்று வருட சர்வீஸ், மின் பராமரிப்பில். அவருக்கு இருபத்தொன்பது, நிலக்கரிப் பிரிவில். ஆனால் ஒப்பந்தக்காரர் ஐந்து மாதமாக டீ குடித்தது அவர் மகளின் கடையில்.

முந்தின நாளே எதிர்வீட்டுக்காரர் என் வாசலில் நின்று கேட்டார். "இன்னா மாமு, நாளிக்கு சால்வை எதுனா எட்தாந்து போடுவியா, இல்ல சும்மா கை தட்டுவியா?"

நூற்றெண்பது ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். மற்றவர்கள் துண்டு போர்த்தினார்கள். போட்டோவில் என் சால்வை மேலே தெரியட்டும் என்று கடைசியில் போனேன். அப்போதுதான் கவனித்தேன். பெட்டியின் ஒயர் மேசைக்கடியில் சுருட்டி, டேப் ஒட்டிக் கிடந்தது. எங்கேயும் போகவில்லை. நிஜ சுவிட்ச், தூரத்தில் வெடிக்காரர்களிடம்.

சங்கு ஊதியது. அவர் அமுக்கினார். பதினோரு விநாடியில் சிம்னி தரையில் கிடந்தது. பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அவரைத்தான் பார்த்தார்கள். என் மனைவியும்.

"கை இன்னும் ஜிவ்வுன்னு கீது மாமு," என்றார் என்னிடம்.

ஒயர் விஷயம் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் அவர் முகம் சுருங்கியிருக்கும். எனக்கு அது போதாது. நான் அமுக்க வேண்டும்.

கூட்டம் கலைந்ததும் திரும்பிப் போனேன். பந்தல்காரர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அமுக்கினேன். டக் என்றது. மறுபடியும் அமுக்கினேன்.

"பெர்சு, அது டம்மி. ஷோவுக்கு வெச்சது."

"தெரியும்."

"தெரிஞ்சுமா அமுக்கினுகீற? வோணும்னா எட்துக்கினு போ. டீக்கு எதுனா குடு."

டீக்கு முந்நூறு கேட்டார். இருநூற்றைம்பதுக்கு இறங்கினார்.

பெட்டி இப்போது என் பீரோவுக்குள், பழைய வேட்டிகளுக்கு அடியில். நேற்று எதிர்வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்தார், முகம் வாடியிருந்தது. "அந்தப் பொட்டிய ஞாபகத்துக்கு வெச்சுக்கலாம்னு போய்க் கேட்டேன் மாமு. எவனோ துட்டு குட்த்து வாங்கிகினு பூட்டானாம். குட்த்து வெச்சவன்."

"ஆமாம்," என்றேன்.

சால்வையோடு சேர்த்து நானூற்று முப்பது ரூபாய்.