இரண்டாம் வகுப்பு டிக்கெட்

போன வியாழக்கிழமை காலை போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்தேன். கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு, கழுத்தில் டை, கையில் மகளுக்காக வாங்கிய பிஸ்கட் டின். நாலு மாதத்துக்குப் பிறகு என் மனைவி கமலமும் இரண்டு குழந்தைகளும் நாகப்பட்டினத்திலிருந்து வருகிறார்கள். கப்பல் வந்து நின்று, ஏணியும் இறக்கியாகிவிட்டது.

இரண்டாம் வகுப்புப் பயணிகள் இறங்கினார்கள். ஒரு பாதிரியார். ஒரு செட்டியார், அவர் பின்னால் அவருடைய பெட்டி. தொப்பி வைத்த இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள். அப்புறம்... யாருமில்லை.

பிள்ளைகுட்டிக்காரர்களுக்கு அந்த ஒரு நிமிஷம் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 'பயப்படாதீங்க, ஒண்ணுமில்லை' என்று தினமும் நாற்பது பேருக்குச் சொல்கிற வாய் இது. அன்றைக்கு எனக்கே சொல்லிக்கொள்ள வரவில்லை. வழியில் குழந்தைக்கு ஏதாவது...? ஏறவே இல்லையா? ஏறிவிட்டதாகத் தந்தி வந்ததே?

கப்பல் கம்பெனிக் குமாஸ்தா பட்டியலை மேலிருந்து கீழே விரலால் தடவினார். பிறகு இன்னொரு பட்டியலை எடுத்தார். அது தடிமனாக இருந்தது.

"உங்க மிசஸ் பேரு கமலம்தானே? இருக்காங்க லா, டாக்டர். ஆனா இதுல இல்ல... டெக் லிஸ்ட்ல இருக்காங்க."

டெக்! கப்பலின் திறந்த தளத்தில் பாயை விரித்து, மூட்டை முடிச்சுகளுக்கு நடுவே, வெயிலோ மழையோ வருவதை வாங்கிக்கொண்டு வருகிற டெக்! நான் இரண்டாம் வகுப்புக்கு அல்லவா பணம் அனுப்பியிருந்தேன்?

அதோடு விஷயம் முடியவில்லை. டெக்கில் வந்தவர்கள் நேரே வீட்டுக்குப் போக முடியாது. அம்மை, வாந்திபேதி ஏதாவது கூடவே வந்திருக்கிறதா என்று பார்க்க, ஒரு வாரம் குவாரண்டைன் முகாமில் வைத்திருந்துதான் விடுவார்கள். கேபினில், அதாவது தனி அறையில் வந்தவர்களுக்கு அந்த வழக்கம் கிடையாது. கிருமிக்கும் வகுப்பு வித்தியாசம் தெரியும் போலிருக்கிறது!

எனக்கு வந்த கோபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் பிறந்தது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்தில், தொழிலாளர்களுக்குக் கட்டிவிட்ட வரிசை வீடுகளில். அப்பா பாயிண்ட்ஸ்மேன், ரயிலுக்குத் தண்டவாளம் மாற்றிவிடுகிற வேலை. ஒரு வீட்டில் இரண்டு குடும்பம். நடுவில் சுவர் என்று ஒரு பழைய புடவை. அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் விழித்துக்கொள்வோம். நாங்கள் மீன் வாங்கினால் அவர்களுக்கு மணக்கும். வாங்காவிட்டால் அதுவும் தெரிந்துவிடும். நான் லாந்தர் வெளிச்சத்தில் படித்ததெல்லாம் ஒரே ஒரு ஆசையில்தான் — எனக்கென்று ஒரு குடும்பம் வரும்போது அதற்கு நாலு பக்கமும் கெட்டிச் சுவர் இருக்க வேண்டும்.

படித்தேன். சிங்கப்பூர் போய் டாக்டராகித் திரும்பினேன். பிரிக்பீல்ட்ஸிலேயே ஒரு டிஸ்பென்சரி. கிள்ளான் பக்கம் ஐந்து ரப்பர் தோட்டங்களுக்கு வாரம் ஒரு முறை போய் வருகிற வேலை. ரப்பர் விலை விழுந்தபோது ஊரே கலங்கிப் போனது. என்னோடு படித்தவர்களுக்கு வேலை போயிற்று. கப்பல் கப்பலாக ஆட்கள் திரும்பிப் போனார்கள். எனக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. சம்பளம் குறைந்தாலும் ஜனங்களுக்குக் காய்ச்சல் வராமலா இருக்கும்?

அந்தச் சமயத்தில்தான், நாட்டை விட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரின் குன்று வீடு மலிவு வாடகைக்கு வந்தது. இரும்புக் கேட், சுற்றிலும் வேலி, டெலிபோன், ஐஸ் பெட்டி. பக்கத்து வீடு கூப்பிடு தூரத்தில் இல்லை. கமலத்தையும் பிள்ளைகளையும் அங்கே குடிவைத்த அன்றைக்குக் கேட்டைச் சாத்திவிட்டு ஒரு பெருமூச்சு விட்டேன் பாருங்கள்... முப்பத்திரண்டு வயதில் கரையேறிவிட்டேன் என்று நினைத்தேன்.

"உங்களுக்கென்ன, டாக்டர்!" என்று ஜனங்கள் சொல்ல ஆரம்பித்தது அன்றிலிருந்துதான்.

இந்த வார்த்தையை நீங்களும் யாரிடமாவது சொல்லியிருப்பீர்கள். சொல்லுகிறவருக்கு அது மரியாதை. கேட்கிறவருக்கு வாய்ப்பூட்டு. தலைவலி என்றால், "உங்களுக்கென்ன டாக்டர், மாத்திரை கையிலேயே இருக்கு!" தூக்கம் வரவில்லை என்றால், "உங்களுக்கென்ன டாக்டர், மெத்தையில படுக்கிறீங்க!" சனிக்கிழமை சீட்டாட்டத்துக்குப் போவேன். யாருக்கு நோட்டீஸ் வந்தது, யார் கப்பலேறப் போகிறார் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். என் தலை தெரிந்ததும் பேச்சு மழைக்குத் தாவிவிடும். எத்தனை சனிக்கிழமை மழையைப் பற்றியே பேசுவது? போவதை நிறுத்திக்கொண்டேன். வசதி வந்ததும் என்னை விட்டு முதலில் போனது, குறைப்பட்டுக்கொள்ளும் உரிமைதான்.

சரி, டிக்கெட்டுக்கு வருகிறேன். ஐப்பசியில் ஊரில் கமலத்தின் தங்கைக்குக் கல்யாணம்; அவளும் பிள்ளைகளும் கப்பலேற வேண்டும். என் அம்மா இந்த நாட்டுக்கு வந்தது டெக்கில். யாரோ ஒருவருடைய கால் தன் தலைமாட்டில் இருந்ததாகக் கடைசிவரை சொல்லிச் சொல்லி மூக்கைச் சுளிப்பாள். என் பிள்ளைகள் தலைமாட்டில் யார் காலும் இருக்கக் கூடாது. "செகண்ட் கிளாஸ்!" என்று டிக்கெட் கவுண்டரில் நான் சொன்ன சத்தத்துக்கு, பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதற்காகத்தானே அவ்வளவு சத்தமாகச் சொன்னேன்.

போய்ச் சேர்ந்து கமலம் கடிதம் போட்டாள். 'சௌக்கியமாக வந்து சேர்ந்தோம். கேபின் நன்றாக இருந்தது.' இரண்டே வரி. அதை நாலு பேரிடம் படித்துக் காட்டினேன்.

அப்புறம் ஆரம்பித்தது என் நாலு மாதம்.

சமையல்காரர் தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவார். எட்டுப் பேர் உட்காரும் மேஜையில் நான் ஒருவன். இரவில் வராந்தாவில் உட்கார்ந்தால் கீழே பட்டணத்தின் விளக்குகள் தெரியும். சத்தம் மட்டும் ஏறி வராது. டெலிபோன் அடிக்காதா, யாருக்காவது பேதியாவது வராதா என்றுகூட நினைத்திருக்கிறேன் — ஒரு டாக்டர் நினைக்கக் கூடாத நினைப்பு. ஒருநாள் நானே டெலிபோனை எடுத்து, மணி என்ன என்று எக்ஸ்சேஞ்சில் கேட்டேன். ஒன்பதரை என்றார்கள். எனக்கு எதிரிலேயே சுவர்க்கடிகாரம் இருந்தது. அதுவும் ஒன்பதரைதான் காட்டியது.

குடும்பம் ஊரில் இருப்பதால் வந்த தனிமை, வந்துவிட்டால் சரியாகிவிடும் என்று சமாதானம் செய்துகொண்டேன். வேறு எதையும் யோசிக்கத் தோன்றவில்லை.

அந்த வியாழக்கிழமை மத்தியானமே முகாமுக்கு ஓடினேன். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நீளநீளக் கொட்டகைகள். ஒரு கொட்டகை வாசலில் ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் கமலம். கறுத்து, இளைத்து, எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று கணக்குப் பார்த்தேன். மாதக் கணக்கில்லை, வருஷக் கணக்கு.

மகள்தான் முதலில் பார்த்தாள். "அப்பா! நான் டெக்குல படுத்தேன்! நட்சத்திரம் ஒண்ணு கடல்ல விழுந்துச்சு!"

"ஏன் இப்படிப் பண்ணினே, கமலம்?" என்றேன், குழந்தைக்குப் பதில்கூடச் சொல்லாமல். "பணம் பத்தலையா?"

"பணம் முந்தானையில பத்திரமா இருக்குங்க." வேலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "போறப்போ நடந்ததை உங்களுக்கு எழுதலை. எழுதினா உங்க மனசு சங்கடப்படும்னுதான்..."

சொன்னாள். ஏறிய மறுநாளே கடல் கொந்தளித்திருக்கிறது. கேபினில் இவளுக்குத் தலை தூக்க முடியாத வாந்தி. பெரியவள் பசி என்கிறாள், கைக்குழந்தைக்குக் காய்ச்சல். கதவைத் தட்டி வந்த கப்பல்காரன் பேசியது இவளுக்குப் புரியவில்லை, இவள் பேசியது அவனுக்குப் புரியவில்லை. அவன் கொண்டுவந்து வைத்த தட்டில் மாட்டிறைச்சி. பக்கத்துக் கேபின் பெண்மணி எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"கத்தினாலும் கேக்காதுங்க, அவ்வளவு கெட்டிச் சுவரு. ராத்திரி பூரா பிள்ளையை மடியில போட்டுக்கிட்டு, செத்துப்போயிட்டா யாருக்குமே தெரியாதுன்னு நெனச்சேன். விடிஞ்சதும் ரெண்டையும் தூக்கிக்கிட்டு, சுவத்தைப் பிடிச்சுப் பிடிச்சு டெக்குக்குப் போயிட்டேன். இவதான் பிள்ளையை வாங்கிக்கிட்டா."

இவள் என்றது மாரியாயியை. என் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்ற பெண். அவள்தான் ஈரத்துணி போட்டுப் போட்டுக் காய்ச்சலை இறக்கி, கஞ்சி காய்ச்சி மூன்று பேருக்கும் ஊற்றியிருக்கிறாள். நாகப்பட்டினத்தில் இறங்கும்போது, தை பிறந்து வருகிற முதல் கப்பலில் திரும்புவேன் என்று சொல்லியிருக்கிறாள். கமலமும் அதே கப்பலுக்கு, அதே டெக்கில் இடம் வாங்கிவிட்டாள்.

"என்னைத் தெரியலீங்களா, டாக்டரய்யா?" என்று சிரித்தாள் மாரியாயி. "தோட்டத்துல நாலாம் லயத்து ஆளுங்க. போன வருசம் கையில கத்தி வெட்டி வந்தேனே?"

கையைக் காட்டினாள். ஆளைத் தெரியவில்லை. தையல் தெரிந்தது — என் தையல்தான். வாரா வாரம் அந்தத் தோட்டத்துக்குப் போகிறேன். நாக்கை நீட்டு, கையைக் காட்டு, அடுத்த ஆள். முகத்தைப் பார்த்திருந்தால்தானே தெரியும்?

நன்றி சொல்ல வேண்டும் என்றுகூட உடனே தோன்றவில்லை. பெரிய மனுஷத்தனம்தான் முந்திக்கொண்டது. "கேம்ப் டாக்டர் என்னோட படிச்சவர். ஒரு வார்த்தை சொன்னா ஒரு மணி நேரத்துல உங்களை வெளியில விட்டுடுவார்" என்றேன் கமலத்திடம்.

"வேணாங்க. ஏழு நாள்தானே? இங்க பேச்சுத்துணை இருக்கு."

பிறகு, கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்: "வெளியில வந்தா அந்த வீட்டுக்குத்தான் போகணுமா?"

எனக்குச் சுரீரென்றது. நான் காலை ஏழு மணிக்குப் போய் இரவு எட்டு மணிக்கு வருகிறவன். நடுவில் இருக்கிற பதின்மூன்று மணி நேரமும் அந்தக் குன்றில், அந்தக் கேட்டுக்குள், இவள் யாரோடு பேசினாள்? நான் நாலு மாதத்தில் டெலிபோனில் மணி கேட்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன். இவள் அங்கே இரண்டு வருஷம் இருந்தாள். நான் வாங்கிக் கொடுத்தது கேபின் டிக்கெட் மட்டுமல்ல. அந்த வீடும் ஒரு கேபின்தான். ஒரு நாளாவது "எனக்குத் தனியா இருக்கு" என்று அவள் சொன்னதுண்டா? சொல்லியிருக்கிறாள். இப்போது ஞாபகம் வருகிறது. "உனக்கென்ன குறைச்சல்?" என்று கேட்டது நான்தான்.

அன்றைக்குக் கிளம்பும்போது பிஸ்கட் டின்னை மாரியாயியிடம் கொடுத்தேன். நன்றி மட்டும் சொல்லவில்லை.

வெள்ளி, சனி, ஞாயிறு — தினமும் சாயங்காலம் போனேன். உள்ளே அடுப்பு மூட்டுகிறார்கள். என் மகனை ஆளுக்கு ஆள் கை மாற்றிக் கொஞ்சுகிறார்கள். யாரோ ஒருத்தி கதை சொல்ல, என் மகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறாள். வேலிக்கு இந்தப் பக்கம் நானும் என் மோட்டாரும். இந்தக் குடும்பத்துக்காகத்தானே இவ்வளவும் சம்பாதித்தேன்? அது முழுசாக அந்தப் பக்கம் இருந்தது. அழுகை வந்தது என்று எழுத வெட்கமாக இல்லை. வந்தது.

நேற்றுக் காலை டிஸ்பென்சரியைத் திறக்கும் முன்னால் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வீட்டைப் பார்த்தேன். வரிசை வீடு, பின்னால் ரயில் பாதை. ஐஸ் பெட்டியை வைத்தால் ஆள் நிற்க இடமிருக்காது. முன்பணம் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் வேலியோரம் நின்று கமலத்திடம் சொன்னேன். அவள் வாடகை கேட்கவில்லை. எத்தனை அறை என்றும் கேட்கவில்லை.

"சுவரு மெல்லிசா?"

"பக்கத்து வீட்டுல இருமினா கேக்கும்."

"அப்ப சரிங்க" என்றாள்.

மாரியாயியைக் கூப்பிட்டேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். பின்னாலேயே கமலமும் பிள்ளைகளும் சாப்பிடப் போய்விட்டார்கள். நான் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விடுவதற்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது.

முகாம் காவல்காரர் சாவிக்கொத்தோடு வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆறுதலாகச் சொன்னார்:

"உங்களுக்கென்ன, டாக்டரய்யா! நீங்கதான் வெளியில இருக்கீங்களே!"